பதினைந்து நிமிடச் சோறு

மார்ச் 3, செவ்வாய்

இதை நான் விரும்பி எழுதவில்லை. டாக்டர் எழுதச் சொன்னார். இரண்டு வாரத்துக்குத் தினமும் மூன்று விஷயம் குறிக்க வேண்டுமாம்: என்ன சாப்பிட்டாய், எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டாய், சாப்பிடும்போது மனதில் என்ன ஓடியது. மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். "நீ எழுதும்மா, எதுக்குன்னு நான் பார்த்துக்கறேன்" என்றார். எதற்கென்று தெரியாமல் ஒரு வேலையைச் செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்று பாதி காலியாகக் கிடக்கிறது, போகட்டும்.

நான் சங்கவை. வயது பதினெட்டு. ஊர் ஜெயங்கொண்டம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். போன வருடம் நீட் எழுதி, நாற்பது மதிப்பெண்ணில் மருத்துவ சீட்டைக் கோட்டை விட்டேன். அதனால் நாமக்கல்லுக்குப் பக்கத்தில், ஒரு கோழிப்பண்ணைக்கும் ஒரு கல்குவாரிக்கும் நடுவே இருக்கும் இந்தப் பயிற்சி விடுதியில் ஜூன் மாதத்திலிருந்து இருக்கிறேன். விடுதியின் பெயரை எழுத மாட்டேன். பஸ் ஸ்டாண்டு முழுக்க அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், அது போதும்.

மூன்று மாதமாகச் சாப்பாடு நெஞ்சுக்கு மேலேயே நிற்கிறது. அப்புறம் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை வாரத்தேர்வு முடிந்ததும் வாந்தி. வார்டன் மேடம் அல்சர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துத் தின்னச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் மூன்று கடியில் விழுங்கிவிட்டேன்.

"வயிறு பாவம், நீ மெல்லாம அனுப்புறத எல்லாம் வாங்கிக்குது. உன் கோளாறு வாயில ஆரம்பிக்குது" என்றார்.

என் வாய்தான் கோளாறு என்று எங்கள் வீட்டில் எட்டு வயதிலிருந்தே சொல்கிறார்கள். அதற்கு இவர் இருநூறு ரூபாய் வாங்கியிருக்கக் கூடாது.

இங்கே சாப்பாடு எப்படி என்று டாக்டருக்குத் தெரியாது. எழுதுகிறேன், படித்துத் தெரிந்துகொள்ளட்டும். மொத்தம் நூற்றிருபது பெண்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம். மணி அடித்தால் உட்கார வேண்டும், மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். வாரத்தேர்வில் எந்த ரேங்கோ அந்த வரிசையில்தான் இடம். முதல் ரேங்கிலிருந்து பரிமாறிக்கொண்டு வருவார்கள், கடைசி வரிசைக்குச் சோறு வரும்போது ஏழு நிமிடம்தான் மிச்சம் இருக்கும். சாப்பிடும் நேரம் வீணாகக் கூடாது என்று கூரையில் நான்கு ஸ்பீக்கர். அதில் கேள்விகள் ஓடும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு வார்டன் மேடம் மைக்கில் ஒரு ரோல் நம்பரைக் கூப்பிடுவார். கூப்பிட்டவள் உடனே எழுந்து பதில் சொல்ல வேண்டும், வாயில் என்ன இருந்தாலும் சரி. அத்தனை பேரும் காதைக் கூரையில் மாட்டிவிட்டு வாயால் விழுங்கிக்கொண்டிருப்போம்.

சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது: நொறுங்கத் தின்றால் நூறு வயது. எழுதிய பெயிண்டர் வெளியே போய்ச் சாப்பிட்டிருப்பார்.

மார்ச் 4, புதன்

காலை: பொங்கல், 5 நிமிடம். மதியம்: சாம்பார் சாதம், முட்டை, 7 நிமிடம். இரவு: சப்பாத்தி இரண்டு, 6 நிமிடம். மனதில்: ஒன்றுமில்லை.

மார்ச் 5, வியாழன்

காலை: இட்லி மூன்று, 4 நிமிடம். மதியம்: புளிக்குழம்பு, முட்டை, 8. இரவு: உப்புமா. உப்புமாவுக்கு நிமிடம் கணக்குப் போடுவது உப்புமாவுக்கே மரியாதை இல்லை. மனதில்: ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

காலையில் டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு கவளத்தையும் முப்பது தடவை மென்று பார்த்தேன். இரண்டாவது இட்லியில் மணி அடித்துவிட்டது. தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்கள். மெல்லவும் வரவில்லை. எச்சில் ஊறினால்தானே மெல்ல. வாய்க்குள் இட்லி, காய்ந்த பஞ்சாகச் சுற்றிச் சுற்றி வருகிறது.

முதல் வகுப்பே முருகபூபதி சார், உயிரியல். வேடிக்கை என்னவென்றால் இன்று திருப்புதலுக்குச் செரிமான மண்டலம். மாவுச்சத்தில் முப்பது சதவீதம் வாயிலேயே செரித்துவிடுகிறது. உமிழ்நீரில் இருக்கும் அமைலேஸ் அதைச் செய்கிறது. பயம் வந்தால் பரிவு நரம்புகள் தலையெடுத்து உமிழ்நீரைக் குறைத்துவிடும், இரைப்பையும் மந்தமாகிவிடும். புலியைப் பார்த்தவனுக்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று உடம்பு முடிவு செய்துவிடும் என்று சார் சொன்னார். நல்ல வாத்தியார். இந்தக் கேள்விக்கு நான் நூறு தடவை சரியான வட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கிறேன். தொண்டையில் சோற்றை வைத்துக்கொண்டு.

மதியம் ஜெபசீலிக்கு நடந்ததை எழுத வேண்டும்.

ஜெபசீலி என் அறைத் தோழி. தூத்துக்குடிப் பக்கம், அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். இவள் யாராவது பெயரைக் கூப்பிட்டாலே இரண்டு தடவை நடுங்குவாள். ரேங்க் நூற்றுப் பன்னிரண்டு, அதனால் கடைசி வரிசை, அதனால் ஏழு நிமிடம். ஏழு நிமிடத்துக்கு அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். சோற்றில் மோரை ஊற்றிக் கூழாகக் கரைத்து, தட்டைத் தூக்கிக் குடித்துவிடுவாள். "குடிசோறுட்டி" என்பாள். பல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

இன்று முட்டை. நாமக்கல்லில் மழைக்குப் பஞ்சம் வரலாம், முட்டைக்கு வராது. முட்டையைக் கரைக்க முடியாதே. முழு மஞ்சள் கருவையும் அவள் வாயில் போட்ட நேரம் மைக்கில் அவள் நம்பர், 118. எழுந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கண் வெளியே வருகிற மாதிரி ஆகி, முகம் ஊதா நிறமாகிவிட்டது. நான் முதல் வரிசையிலிருந்து ஓடிப்போய் அவளைக் குனிய வைத்து முதுகில் அறைந்தேன். நாலாவது அறையில் மஞ்சள் கரு மேசையில் வந்து விழுந்தது. அத்தனை நேரமும் ஸ்பீக்கர் நிற்கவில்லை. "சரியான விடை, இ" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனது.

வார்டன் மேடம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். கொடுத்துவிட்டு, "மெதுவாத் தின்னா என்ன கண்ணு, ஆரு தொரத்தறாங்க?" என்று கேட்டார். இதைக் கேட்டபோது அவர் கையில் மைக் இருந்தது.

மதியம்: ஒன்றும் இல்லை. நிமிடம்: இல்லை. மனதில்: எழுதினால் தாள் கிழியும்.

மார்ச் 8, ஞாயிறு

வாரத்தேர்வு. காலை: டீ. மதியம்: டீ. ரேங்க் மறுபடியும் நான்கு. மாலையில் வீட்டுக்குப் போன் பேசும் நேரம். எல்லோரும் ஆபீஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். நான் அப்பாவிடம் பேசவில்லை. வரிசை நீளம்.

மார்ச் 9, திங்கள்

காலையில் ஸ்பீக்கர் பேசவில்லை.

வார்டன் மேடம் மைக்கைத் தட்டினார், ஊதினார், அதை ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. எலி கடித்திருக்கும். கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் எலிக்கா குறைச்சல்.

நூற்றிருபது பேர் மெல்லுகிற சத்தத்தை இன்றுதான் கேட்டேன். மழை தகரத்தில் லேசாகப் பெய்வது போல் இருந்தது. முதலில் எல்லோரும் பயந்து பயந்து பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரோ சட்னி நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள். ஒன்பது மாதமாக அதே சட்னிதான். கடைசி வரிசையில் ஜெபசீலி தோசையைப் பிய்த்துத் தொட்டுத் தின்றாள், கரைக்கவில்லை.

காலை: தோசை மூன்று, 14 நிமிடம். நெஞ்செரிச்சல் இல்லை. மனதில்: ஒன்றுமில்லை. உண்மையாகவே ஒன்றுமில்லை, டாக்டர்.

மார்ச் 10, செவ்வாய்

எலக்ட்ரீசியன் வந்து பார்த்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒயர் துண்டாகியிருக்கிறதாம். வெட்டிய இரண்டு முனையிலும் கறுப்பு டேப் பத்திரமாகச் சுற்றியிருந்ததாம். இந்த ஊர் எலிகளுக்குப் பாதுகாப்பு உணர்வு அதிகம்.

புது ஒயர்தான் போட வேண்டுமாம், அதற்கு அவர் அடுத்த வாரம்தான் வருவார். அதுவரை வார்டன் மேடம் தாளைப் பார்த்துக் கத்திக் கேள்வி கேட்கிறார். கடைசி இரண்டு வரிசைக்கு அது எட்டவில்லை. எங்கள் பெட்டிகளை எல்லாம் கொட்டிச் சோதித்தார்கள். என் பெட்டியில் நகவெட்டி, வேப்பெண்ணெய் சோப்பு, அப்பாவின் பழைய டெஸ்டர். அப்பா லைன்மேன் என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் ரேங்க் நான்கின் பெட்டியை அதிகம் கிளற மாட்டார்கள்.

மதியம்: ரசம் சாதம், 12 நிமிடம். இரவு: இட்லி, 13.

மார்ச் 11, புதன்

இன்று மாலை ஐந்து மணிக்கு எல்லோரையும் பிரார்த்தனை ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். தாளாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஆசிரியர்கள். வார்டன் மேடம் ஒரு முறத்தில் பச்சரிசியோடு வந்தார்.

"எங்கூர்ல களவு போச்சுன்னா போலீசுக்கெல்லாம் போக மாட்டோம். அரிசியத்தான் மெல்லச் சொல்லுவோம். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், வாய் காஞ்சு போயிரும். அரிசி காஞ்ச மாவா வந்து உழுந்துரும். தப்புப் பண்ணாத புள்ளைக்கு ஒண்ணும் பயமில்ல" என்றார்.

ஆளுக்கு ஒரு பிடி. அவர் அறுபது எண்ணும்வரை மெல்ல வேண்டும். அப்புறம் ரோல் நம்பர் எழுதிய காகிதத்தில் துப்ப வேண்டும். மருத்துவம் படிக்க வந்த நூற்றிருபது பேர் வரிசையாக நின்று அரிசி மென்றோம். சிரித்தால் பழி நம்மேல் விழும் என்று யாரும் சிரிக்கவில்லை. முருகபூபதி சாரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் காகிதத்தில் ஈரமாக, பசையாக வந்தது. வார்டன் மேடம் தலையாட்டினார். பாதிப் பேருக்கு அரைகுறை. ஜெபசீலிக்கு மட்டும் அப்படியே மாவு. ஊதினால் பறந்திருக்கும்.

அவள் அழக்கூட இல்லை. வெளியே அனுப்பிவிடுவதாகத் தாளாளர் சொன்னார். அம்மாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. ஹால் முழுக்க ஒரே பேச்சு, வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது.

இரவு: இரண்டு வாய். மனதில்: ஒன்றுமில்லை.

மார்ச் 12, வியாழன்

காலை: இட்லி அரை. 15 நிமிடம் முழுதும் மென்றேன். இறங்கவில்லை. மதியம்: மோர். இரவு: வாந்தி.

ஸ்பீக்கர் இல்லை. யாரும் துரத்தவில்லை. பிறகு ஏன் வாய் காய்கிறது என்று டாக்டர் கேட்பார். எனக்குத் தெரியாது.

ஜெபசீலிக்கு இந்த இடம் ஒத்துக்கொள்ளவே இல்லை. வீட்டுக்குப் போனால் அவளுக்கு நல்லதுதான். நிம்மதியாகச் சாப்பிடுவாள். அவள் ரேங்குக்கு இந்த வருடம் சீட் கிடைப்பதும் சந்தேகம். நான் போனால் அப்படியா? இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. எனக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

மார்ச் 13, வெள்ளி

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். இதை எழுதியவளை எனக்குப் பிடிக்கவில்லை.

மதியம் ஜெபசீலி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பாவாடைகளை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏட்டி, நான் வெட்டலன்னு நீயாவது நம்புதியா?"

"நம்புறேன்" என்றேன்.

என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக ஒரு உண்மையை நான் சொன்னதில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அது போதும் என்றாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவத்தின் கையைப் பழி பிடித்துக்கொண்டு நன்றி சொன்னது.

ஆகவே எழுதுகிறேன். வார்டன் படித்தால் படிக்கட்டும். எலி இல்லை, நான்தான். ஞாயிறு மாலை எல்லோரும் போன் வரிசையில் நின்றபோது, நகவெட்டியால் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். தெரியாமல் யாராவது தொட்டுவிடக் கூடாது என்று அப்பாவின் டெஸ்டரோடு கொண்டுவந்திருந்த டேப்பை முனைகளில் சுற்றினேன். மிச்ச டேப் சுருளைக் கோழிப்பண்ணைச் சுவருக்கு அப்பால் எறிந்தேன். வெட்டியதற்காக வெட்கப்படவில்லை, இப்போதும் படவில்லை.

அரிசிக்குத்தான் வெட்கப்படுகிறேன். வார்டன் எண்ண ஆரம்பித்ததும் என் வாயும் காய்ந்தது. ஆனால் எனக்குப் பாடம் தெரியும். ஒட்டு மாங்காயை நினைத்தேன். கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி, பல் கூசக் கடிப்பதை நினைத்தேன். எச்சில் ஊறியது. ஜெபசீலிக்கும் இந்தப் பாடம் தெரியும், ஆனால் அவள் தப்புச் செய்யாதவள், தப்பிக்க அவளுக்கு யோசனை வரவில்லை.

மூன்று மணிக்குத் தாளாளர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நகவெட்டியை மேசையில் வைத்தேன். திட்டுவார், அப்பாவைக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நகவெட்டியை என் பக்கமே தள்ளினார்.

"உனக்கு அந்தப் பொண்ணு மேல பாசம், அதான் பழிய நீ ஏத்துக்கற. நல்ல மனசு. ஆனா நீ ரேங்க் நாலும்மா. ஃப்ளெக்ஸ்ல போட வேண்டிய முகம். அவ எப்படியும் தேறப்போறதில்ல. போய்ப் படி."

டேப் விஷயத்தைச் சொன்னேன். அது எப்படிச் சுற்றியிருந்தது என்று சுற்றியவளுக்குத்தானே தெரியும் என்றேன். அவருக்கு அது கேட்கவே இல்லை. கேட்டது, கேட்காத மாதிரி இருந்தார். குற்றவாளி நேரில் வந்து நிற்கிறாள், வேண்டாம் என்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வெட்டியவள் இல்லை, மலிவாகப் போகிறவள்.

சாப்பிடவில்லை. மனதில்: நாளை.

மார்ச் 14, சனி

மதியச் சாப்பாடு. ஆசிரியர் மேசையில் முருகபூபதி சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வார்டன் மேடம் தாளைப் பார்த்து ஏதோ கேள்வி கேட்டார், என்ன கேள்வி என்று நினைவில்லை. பிறகு 63 என்றார். அது என் நம்பர்.

எழுந்தேன்.

"மேடம், ஒயரை வெட்டினது நான். ஜெபசீலி இல்ல. நேத்தே தாளாளர் சார்கிட்ட சொல்லிட்டேன்."

நூற்றிருபது தட்டிலும் கை நின்றது. வார்டன் மேடம் என்னை உட்காரச் சொன்னார். உன் அரிசி ஈரமாத்தான் வந்துச்சு, எல்லாரும் பார்த்தோம் என்றார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அவர் அதை நிஜமாகவே நம்புகிறார். ஆனால் நம்பாத ஒருவர் அதே அறையில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பினேன்.

"சார், பயந்தா எச்சில் ஊறுமா?"

அவர் வாயில் சோறு இருந்தது. மென்றார். இந்தக் கட்டடத்தில் ஒருவர் அவ்வளவு நிதானமாக மென்று நான் பார்த்ததில்லை. விழுங்கினார், தண்ணீர் குடித்தார், எழுந்து நின்றார்.

"ஊறாதும்மா. தப்புப் பண்ணினாலும் ஊறாது, பண்ணாட்டாலும் ஊறாது. பயந்தா யாருக்கும் ஊறாது" என்றார். பிறகு வார்டன் மேடத்தைப் பார்த்து, "அன்னைக்கே நான் சொல்லியிருக்கணுங்க. வேலை போயிடும்னு பயந்துட்டு வாயத் திறக்கல" என்றார்.

வார்டன் மேடம் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்குப் பின்னால் யாரோ அழும் சத்தம் கேட்டது. ஜெபசீலி இல்லை. அவள் கடைசி வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோபமா வேறு ஏதாவதா என்று அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

அறைக்கு வந்த பிறகு தெரிந்தது. கோபம்தான். என் கட்டிலில் இருந்த அவளுடைய போர்வையை எடுத்துக்கொண்டு போனாள். சரிதான். அவள் இடத்தில் நானாக இருந்தால் போர்வையோடு விட்டிருக்க மாட்டேன்.

அப்பாவை வரச் சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

அப்பா இரவு டியூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். ஜெபசீலியின் அம்மாவும் வந்தார். உப்பில் வெடித்த பாதத்தோடு தாளாளர் அறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாற்காலியைக் காட்டியும் ஏறவில்லை.

"எம்புள்ள வெட்டலன்னு உங்க வாயால சொல்லுங்க. பெறகுதான் நான் எந்திப்பேன். படிக்குதா, வீட்டுக்கு வருதாங்கறத அவ சொல்லுவா" என்றார்.

தாளாளர் சுற்றி வளைத்தார். விதிமுறை என்றார், ஒழுக்கம் என்றார், பேசித் தீர்ப்போம் என்றார். அந்த அம்மா உட்கார்ந்தே இருந்தார். அரை மணி நேரம் கழித்து, உங்கள் மகள் வெட்டவில்லை என்று தாளாளர் சொன்னார். ஜெபசீலியிடம் கேட்டார்கள். நான் இங்கேயே இருக்கேன் என்றாள். நானும் அவள் அம்மாவும் ஒரே அளவு ஆச்சரியப்பட்டோம்.

என் விஷயம். நேற்று எல்லோர் முன்னாலும் நான் சொல்லிவிட்டதால் இனி மறைக்க முடியாது, தண்டிக்காமலும் விட முடியாது. வெளியே அனுப்பவும் அவர்களுக்கு மனமில்லை, ஃப்ளெக்ஸ் இருக்கிறதே. மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். ஒயரை வெட்டியதற்கு எழுதுகிறேன், ஆனால் ஜெபசீலிக்கு நீங்களும் ஒன்று எழுத வேண்டும் என்றேன். அப்பா என் தோளில் கையை வைத்தார். பேசாதே என்று அர்த்தம். தாளாளரிடம் அவர் ஒன்றுதான் கேட்டார், ஏணி எங்கே இருக்கிறது என்று.

மாடிப்படிக்குப் பக்கத்தில் அப்பா ஏறினார், நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாருக்காக அதை வெட்டினேனோ அவர்கள் எல்லோரும் நாளைக்கு மறுபடி அதன் கீழே உட்கார வேண்டும், ஒட்டிக் கொடுப்பது என் அப்பா. அவர் டேப்பைப் பிரித்தார், அதைச் சுற்றியிருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டுத்தான வெட்டின?"

"ஆஃப் பண்ணிட்டுத்தான்ப்பா."

"ம்."

ஒயரை முறுக்கி ஒட்டிவிட்டு இறங்கினார். கிளம்பும்போது தாளாளரிடம், கம்பத்தில் ஏறுகிற நாங்களே பதினைந்து நிமிடத்தில் சாப்பிட மாட்டோமுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெபசீலியின் அம்மாவை பஸ் ஸ்டாண்டுவரை அவரே கூட்டிப்போனார்.

அழுதேன். ஒன்பது மாதத்தில் முதல் தடவை. அழுத பிறகு பசித்தது. இரவு: எலுமிச்சை சாதம், 14 நிமிடம்.

மார்ச் 16, திங்கள்

ஸ்பீக்கர் வந்துவிட்டது. முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது, அப்பாவின் வேலை அப்படி.

மதியம் கேள்விகள் ஓடின. வார்டன் மேடம் என்னிடமிருந்து தொடங்குவார் என்று எல்லோருக்கும் தெரியும். 63 என்றார். என் வாயில் புடலங்காய்க் கூட்டும் சோறும் இருந்தன. நான் எழவில்லை, மென்றேன். மறுபடி 63 என்றார். மென்று முடித்து, விழுங்கி, தண்ணீர் குடித்து, பிறகு எழுந்து பதில் சொன்னேன். சரியான பதில். இதற்கு முன்னால் அந்த ஹாலில் ஒரு பதிலுக்காக யாரும் ஒரு நிமிடம் காத்திருந்ததில்லை. வார்டன் மேடம் என்னைத் திட்ட வாயெடுத்தார், பிறகு ஆசிரியர் மேசையைப் பார்த்தார், திட்டவில்லை.

அடுத்த கேள்வி. நான் தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன். அப்போது 118 என்றார்.

கடைசி வரிசைக்கு அப்போதுதான் சோறு போயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசாதவள், பெயர் சொன்னாலே நடுங்குகிறவள், உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் மோர் இல்லை. வாய் நிதானமாக அசைந்துகொண்டிருந்தது. 118 என்று வார்டன் மேடம் இன்னும் சத்தமாகச் சொன்னார். ஜெபசீலி இடது கையைத் தூக்கி, கொஞ்சம் இருங்க என்று காட்டினாள். ஸ்பீக்கர் அடுத்த கேள்விக்குப் போய், அதற்கும் விடை சொல்லி முடித்தது. அவள் விழுங்கினாள், எழுந்தாள்.

"தெரியாது மேடம்" என்றாள்.

குரல் கடைசி வரிசையிலிருந்து ஆசிரியர் மேசைவரை கேட்டது. உட்கார்ந்தாள். பரிமாறிவிட்டுக் காலி வாளியோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்த சமையல்கார அக்காவைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்டாள்.